மங்கா தொடருக்கு லீவு விட்டால் வாசகர்கள் ஏன் நன்றி சொல்கிறார்கள்?

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணி. ஜப்பானில் அப்போதுதான் திங்கட்கிழமை பிறக்கிறது. மங்கா எனப்படும் ஜப்பானிய காமிக்ஸை வாரந்தோறும் வெளியிடும் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ இதழின் புது அத்தியாயங்கள் மங்கா பிளஸ் செயலியில் வந்து இறங்கும் நேரம் அது. நம் ஊரிலும் இலங்கையிலும் இதற்காகவே போனைத் திறந்து வைத்துக் காத்திருப்பவர்கள் உண்டு. சில ஞாயிறுகளில் எல்லாத் தொடரும் வந்திருக்கும், தான் படிக்கும் தொடர் மட்டும் வந்திருக்காது. ஆசிரியருக்கு இந்த வாரம் ஓய்வு என்று விசாரித்த பிறகு தெரியவரும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு இதில் இரண்டு குழப்பங்கள் வருகின்றன. வாரத்துக்குப் பத்தொன்பது பக்கம்தானே, அதற்குள் ஏன் இத்தனை லீவு என்பது ஒன்று. பழைய வாசகர்கள் இதைக் கேட்டுக் கோபப்படாமல், ‘நன்றாக ஓய்வெடுங்கள், இத்தனை வருஷம் உழைத்ததற்கு நன்றி’ என்று ஏன் எழுதுகிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அந்தப் பத்தொன்பது பக்கம் எப்படி உருவாகிறது என்று பார்த்தால் இரண்டாவது கேள்வியும் பாதி தீர்ந்துவிடும்.

அடிப்படை: வாரத் தொடர் என்றால் என்ன

ஜப்பானில் மங்கா பெரும்பாலும் முதலில் புத்தகமாக வருவதில்லை. இதழில் தொடராக வந்து, பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை தொகுதியாகிறது. ஷோனென் ஜம்ப் 1968இல் ஷூஎய்ஷா நிறுவனம் தொடங்கிய இதழ். 1995 புத்தாண்டு இதழ் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டி அச்சானது, அதுதான் அதன் உச்சம். இப்போது அச்சுப் பிரதி வெகுவாகக் குறைந்துவிட்டது, செயலிகளில் படிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். வாரத்துக்கு ஒரு அத்தியாயம் என்ற கணக்கு மட்டும் மாறவில்லை.

மங்கா ஆசிரியர் என்றால் பெரும்பாலும் கதை எழுதுவதும் படம் வரைவதும் ஒரே ஆள்தான். அமெரிக்க காமிக்ஸில் எழுதுபவர், பென்சிலில் வரைபவர், மை தீட்டுபவர், வண்ணம் போடுபவர் என்று வேலை பலரிடம் பிரிந்திருக்கும், வெளியீடும் பெரும்பாலும் மாதக் கணக்கில். ஜம்ப்பில் அத்தனையும் ஒருவர் தலையில், ஏழு நாள் கெடுவில். உதவி ஓவியர்கள் உண்டு. ஆனால் அவர்களுக்கு வேலை கொடுப்பதும் சம்பளம் கொடுப்பதும் அந்த ஆசிரியரேதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புத்தாண்டு, மே மாத விடுமுறை, ஆகஸ்ட் விடுமுறை ஆகிய சமயங்களில் இரண்டு இதழ்களை ஒன்றாக்கி வெளியிடுவார்கள். அதைக் கழித்தால் வருஷத்துக்கு ஏறத்தாழ 48 இதழ். ஒவ்வொன்றிலும் 19 பக்கம் என்றால் 912 பக்கம். பக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று குறைவாகவே வைத்தாலும் நாலாயிரத்து ஐந்நூறு படங்களுக்கு மேல். ஒரு வருஷத்துக்கு. ‘ஒன் பீஸ்’ தொடரை எய்சிரோ ஓடா 1997 ஜூலையில் தொடங்கியபோது அவருக்கு 22 வயது. இன்று அவருக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது, அத்தியாய எண்ணிக்கையும் ஆயிரத்து நூறைத் தாண்டிவிட்டது.

அந்த ஏழு நாளில் என்ன நடக்கிறது

ஆசிரியருக்கு ஆசிரியர் பழக்கம் வேறுபடும். வரிசை மட்டும் ஏறக்குறைய இதுதான்.

1. பேச்சு. ஒவ்வொரு ஆசிரியருக்கும் இதழ் அலுவலகத்தில் ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். அடுத்த அத்தியாயத்தில் என்ன நடக்க வேண்டும் என்று இருவரும் பேசி முடிவு செய்வார்கள்.

2. ‘நேம்’. இந்தத் தொழிலில் எல்லோரும் பயப்படும் வேலை. எந்தப் பக்கத்தில் எத்தனை கட்டம், யார் எங்கே நிற்கிறார், என்ன பேசுகிறார், பக்கத்தைத் திருப்பும் இடத்தில் என்ன அதிர்ச்சி என்பதையெல்லாம் கிறுக்கல் படமாகப் போட்டு முடிக்க வேண்டும். பொறுப்பாசிரியர் படித்துப் பார்த்து, சரியில்லை என்றால் திரும்பப் போடச் சொல்வார். ஓடா வாரத்தில் ஏறக்குறைய பாதியை இதற்கே செலவிடுகிறவர். கதை நகராமல் நின்றுவிட்டால் இங்கே போகும் ஒவ்வொரு மணி நேரமும் தூக்கத்திலிருந்துதான் கழியும்.

3. பென்சில், பிறகு மை. முகங்களையும் முக்கியமான ஆட்களையும் ஆசிரியர் வரைவார். கட்டடம், மரம், கறுப்பு நிரப்புதல், நிழலுக்கான புள்ளித் தாள் ஒட்டுதல் எல்லாம் உதவியாளர்கள் கையில். அசைகிற எதையும் தானே வரைவது ஓடாவின் வழக்கம். கூட்டக் காட்சியில் மூலையில் நிற்கும் பெயரில்லாத ஆளைக்கூட அவர் வேறு யாரிடமும் கொடுப்பதில்லை. ஒன் பீஸில் வரும் ஊர்த் திருவிழா, போர்க்களம், துறைமுகம் எதையாவது ஒருமுறை நின்று பார்த்து, ஒரே கட்டத்தில் எத்தனை முகங்கள் என்று எண்ணிப் பாருங்கள். இந்த வழக்கத்தின் பளு அப்போது புரியும்.

4. மற்றவை. வண்ணப் பக்கம், தொகுதியின் அட்டைப்படம், அனிமே (அனிமேஷன் தொடர்) குழுவின் கேள்விகளுக்குப் பதில், திரைப்படக் கதை, விளையாட்டு, பொம்மை, விளம்பரம். தொடர் எவ்வளவுக்கு எவ்வளவு வெற்றி பெறுகிறதோ அவ்வளவுக்கு இந்தப் பட்டியல் நீளும். வெற்றி வந்தால் வேலை குறையும் என்று நாம் நினைப்போம், இங்கே நேர்மாறு.

தான் தினமும் தூங்குவது மூன்று மணி நேரம்தான் என்று ஓடா முன்பொரு காலத்தில் சொன்னது வாசகர்களிடையே பிரபலம். அப்போது அதை வியப்போடு பரப்பினார்கள். இப்போது அதையே கவலையோடு நினைவுபடுத்துகிறார்கள். வாசகர் மனநிலை மாறியிருப்பதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

ஓய்வெடுப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்

உடம்பு முடியவில்லை என்றால் லீவு போட வேண்டியதுதானே என்று கேட்கத் தோன்றும். நடைமுறையில் மூன்று தடைகள் இருக்கின்றன.

1. வாக்கெடுப்பு. ஜம்ப் இதழோடு ஒரு அஞ்சலட்டை வரும். பிடித்த மூன்று தொடர்களைக் குறித்து வாசகர்கள் அனுப்புவார்கள். இப்போது இணையத்திலும் அனுப்பலாம். தொடர்ந்து கீழே இருக்கும் தொடர் நிறுத்தப்படும். புதுத் தொடர் ஒன்று சில மாதங்களிலேயே முடிந்துபோவது அங்கே சாதாரணம். இந்த முறையில் வளர்ந்தவருக்கு, ஒரு வாரம் கண்ணில் படாவிட்டால் மறந்துவிடுவார்களோ என்ற பயம் ஊறிப்போயிருக்கும். பெரிய பெயர் வந்த பிறகும் அந்தப் பயம் லேசில் போவதில்லை.

2. பணம். இதழ் தருவது பக்கத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில். பக்கம் இல்லை என்றால் அந்த வாரம் அந்தக் காசு இல்லை. உதவியாளர்களோ வாடகை கட்ட வேண்டியவர்கள். அவர்களை விட்டுவிடாமல் வைத்துக்கொள்ள வேண்டுமானால் ஆசிரியர் தன் கையிலிருந்து சம்பளம் கொடுத்தாக வேண்டும். தொகுதி விற்பனையில் உரிமத்தொகை வரும் பெரிய ஆசிரியர்களுக்கு இது தாங்கும். முதல் தொகுதிகூட வராத புதியவருக்குத் தாங்காது. ஓய்வு மிக அவசியமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் அதை வாங்கச் சக்தி இருக்காது.

3. பெருமை. இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. தூங்காமல் வரைந்தேன், மூன்று நாள் படுக்கவே இல்லை என்பதை வீரமாகப் பேசிய தலைமுறைகள் அங்கே இருந்தன. அவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் சோர்வைச் சொல்லவே கூச்சப்பட்டார்கள்.

இந்த மூன்றாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மங்காவின் முன்னோடியான ஒசாமு தெசுகா ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பக்கம் வரைந்தவர் என்று கணக்கிடுகிறார்கள். 1989இல் 60 வயதில் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். ஷோதாரோ இஷினோமோரி ஒரே ஆள் வரைந்த காமிக்ஸ் பக்கங்களில் உலக சாதனை படைத்தவர், 1 லட்சத்து 28 ஆயிரம் பக்கத்துக்கு மேல். 1998இல் அவரும் 60 வயதில் போய்ச் சேர்ந்தார். இந்த இருவரும் ஒரு விருந்தில் தாங்கள் எத்தனை இரவு விழித்திருந்தோம் என்று பேசிக்கொண்டிருந்ததை அருகிலிருந்து கேட்டவர் ஷிகெரு மிசுகி. போரில் இடது கையை இழந்து, ஒற்றைக் கையால் வரைந்து பெயர் வாங்கியவர். தான் மட்டும் நன்றாகத் தூங்குவதாக அவர்களிடம் சொன்னதையும், அவர்கள் இருவரும் சீக்கிரம் போய்விட்டதையும் அவர் பிற்பாடு ஒரு சிறு மங்காவாகவே வரைந்தார். 2015இல் அவர் இறந்தபோது வயது 93. ஒருவருடைய ஆயுளுக்குத் தூக்கம் மட்டுமே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மிசுகி அதைச் சொன்ன பிறகு, இரவு விழிப்பைப் பெருமையாகப் பேசுவது முன்போல எடுபடவில்லை.

உடம்பு எங்கே உடைகிறது

‘பெர்செர்க்’ தொடரை 1989 முதல் வரைந்து வந்த கெண்டாரோ மியூரா 2021 மே 6 அன்று பெருந்தமனிக் கிழிசலால் இறந்தார். வயது 54. தொடர் முடியவில்லை. அந்தத் தொடருக்கு அடிக்கடி நீண்ட இடைவெளிகள் விழுந்தபோது சலித்துக்கொண்ட வாசகர்கள் பலர். செய்தி வந்த அன்று அதே ஆட்கள் தங்கள் பழைய சலிப்பை நினைத்து வருந்தியதை அந்த நாட்களில் பரவலாகக் காண முடிந்தது. மங்கா வாசகர்கள் ‘ஓய்வெடுங்கள்’ என்று மனதாரச் சொல்லத் தொடங்கியதில் அந்த மரணத்துக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. அடுத்த ஆண்டு ஜூலை மாதத்தில் கொரியாவில் ‘சோலோ லெவலிங்’ வெப்டூனை (இணையத்தில் வெளியாகும் காமிக்ஸ்) வரைந்த ஜாங் சுங்ராக் மூளை ரத்தக்கசிவால் 37 வயதில் இறந்தார். ஓய்வு உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும் என்ற பேச்சு அங்கே வலுத்தது.

உயிர் போகாத சேதங்கள் இன்னும் அதிகம். நாள் முழுக்க மேசையில் குனிந்திருப்பவருக்கு முதுகும் கழுத்தும் போகும், கண் போகும், விரல் மரத்துப்போகும். ‘வேர்ல்டு ட்ரிகர்’ ஆசிரியர் டைசுகே அஷிஹாரா கழுத்தெலும்புக் கோளாறால் 2016 இறுதியில் நிறுத்தினார், ஏறத்தாழ இரண்டு வருஷம். ஓடா 2023 கோடையில் நான்கு வாரம் நிறுத்தியது கண் அறுவை சிகிச்சைக்காக. பார்வைக் கோளாறால் உருவங்கள் சரியாகத் தெரியாமலேயே வரைந்துகொண்டிருந்திருக்கிறார்.

எல்லோரும் பேசும் உதாரணம் யோஷிஹிரோ தொகாஷி. அவருடைய ‘ஹன்டர் எக்ஸ் ஹன்டர்’ 1998இல் தொடங்கியது. பிறகு வருவதும் நிற்பதுமாகப் போய், 2018 நவம்பரில் ஒரேயடியாக நின்றது. அந்த இடைவெளிகளில் அவர் வேலை செய்யாமல் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருக்கிறார் என்று பல வருஷம் கேலி செய்தார்கள். சோம்பேறி என்ற பட்டமே ஒட்டிக்கொண்டது. 2022 மே மாதம் அவர் ட்விட்டரில் கணக்கு தொடங்கி, ஒரு பக்கத்தின் ஓரத்தை மட்டும் படமாகப் போட்டார். உலகம் முழுக்க லட்சக்கணக்கானவர்கள் சில நாட்களுக்குள் பின்தொடர்ந்தார்கள். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. முதுகு வலியால் இரண்டு வருஷமாக அவரால் நாற்காலியில் உட்காரவே முடியவில்லை. படுத்துக்கொண்டு வரையும் ஒரு வழியைக் கண்டுபிடித்துத்தான் மீண்டும் தொடங்கியிருக்கிறார்.

அன்றிலிருந்து அவர் போடும் ஒவ்வொரு படத்திலும் பெரிதாக ஒன்றும் இருக்காது. காகிதத்தின் ஒரு மூலை, கட்டத்தின் கோடு, ஒரு பக்க எண். அதற்குக் கீழே பல மொழிகளில் வந்து குவிவது பெரும்பாலும் நன்றியும், முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற கவலையும். பத்து வருஷம் முன்பு கேலி செய்த அதே வாசகர் வட்டம் இது. நடுவில் மாறியது ஒன்றுதான்: அவர்களுக்கு உண்மை தெரிந்தது.

லீவு எத்தனை வகை

செய்திகளில் எல்லாவற்றையும் ‘நிறுத்தம்’ என்று போட்டுவிடுவதால் தேவையில்லாத பதற்றம் வருகிறது. பிரித்துப் பார்த்தால் இப்படி:

1. இதழே வராத வாரம். இரட்டை இதழுக்குப் பிறகு வருவது. இதில் எல்லோருக்கும் லீவு, யாருக்கும் உடம்பு சரியில்லை என்று அர்த்தமில்லை.

2. ஒரு வார இடைவெளி. ஒன் பீஸுக்குப் பல வருஷமாகவே மூன்று அத்தியாயம், பிறகு ஒரு வாரம் ஓய்வு என்ற தாளம் ஏறக்குறைய நிலைத்துவிட்டது. முன்கூட்டியே திட்டமிட்டது.

3. அறிவித்த சில வாரங்கள். 2022 ஜூன் இறுதியில் ஓடா எடுத்த நான்கு வாரம் இந்த வகை. கதையின் கடைசிக் கட்டத்துக்குத் தயாராக வேண்டும் என்று கையெழுத்திலேயே எழுதி அறிவித்தார். ‘ஜுஜுட்சு கைசென்’ ஆசிரியர் கெகே அகுதாமி 2021 ஜூனில் நிறுத்தி ஆகஸ்டில் திரும்பியதும் இப்படித்தான்.

4. திடீர் உடல்நலக் குறைவு. கடைசி நேரத்தில் அறிவிப்பார்கள், அடுத்த வாரமே திரும்புவதும் உண்டு.

5. தேதி சொல்லாத நிறுத்தம். உண்மையில் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான்.

காலியாகும் பக்கங்களை இதழ் வீணாக்குவதில்லை. பெரும்பாலும் புதியவர்களின் ஒரே அத்தியாயக் கதை அங்கே வரும். பெரிய ஆசிரியர் ஒரு வாரம் ஓய்வெடுத்தால் யாரோ ஒரு இளைஞருக்கு முதல் வாய்ப்பு கிடைக்கிறது என்பது வாசகர்கள் அதிகம் கவனிக்காத நன்மை.

மன்னிப்பு வருகிறது, நன்றி போகிறது

ஓய்வு அறிவிப்புகளை வரிசையாகப் படித்தால் ஒன்று கண்ணில் படும். கிட்டத்தட்ட எல்லா ஆசிரியர்களும் மன்னிப்புக் கேட்கிறார்கள். இருபத்தைந்து வருஷம் தொடர்ந்து உழைத்தவர், அறுவை சிகிச்சைக்காக நான்கு வாரம் கேட்கும்போதுகூட மன்னிப்போடுதான் கேட்கிறார். ஜப்பானிய மரியாதை அது என்று சொல்லிவிடலாம், அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன வாக்கெடுப்பும் பக்கக் கூலியும் சேர்ந்து, ஓய்வு என்பதே வாசகருக்குச் செய்யும் குற்றம் என்று அவர்கள் மனதில் பதித்துவிட்டிருக்கின்றன.

வாசகர் நன்றி வேலை செய்வது இந்த இடத்தில்தான். அதை வெறும் நல்ல மனசு என்று தள்ளிவிட முடியாது. அதற்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. இதுவரை கொடுத்ததே போதுமான அளவு என்ற ஒப்புதல் முதலாவது. மன்னிப்புக் கேட்க இதில் ஒன்றுமில்லை என்பது இரண்டாவது. நீங்கள் வரும்போது நாங்கள் இங்கேதான் இருப்போம் என்ற வாக்கு மூன்றாவது. ஆசிரியரின் ஆழமான பயம் மறக்கப்படுவது என்பதால், மூன்றாவதுதான் மிக முக்கியம்.

அந்த வாக்கை வாசகர்கள் காப்பாற்றியும் இருக்கிறார்கள். தொகாஷி ஏறக்குறைய நான்கு வருஷம் கழித்து 2022 அக்டோபரில் திரும்பியபோது கூட்டம் குறையவில்லை. அகுதாமி திரும்பிய பிறகு அந்தத் தொடர் மேலும் பெரிதாகி, 2024 செப்டம்பரில் அவர் விரும்பிய இடத்தில் முடிந்தது. ஒன் பீஸ் ஓய்வு வாரங்களோடு ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான், 2022இல், 50 கோடிப் பிரதிகளைத் தாண்டியது. ஒரு வாரம் வராவிட்டால் வாசகர் போய்விடுவார் என்ற பழைய கணக்கு, குறைந்தபட்சம் நிலைபெற்ற தொடர்களுக்கு, பொய்த்துப்போயிற்று.

இதன் விளைவு தொடர்கள் வெளியாகும் முறையிலும் தெரியத் தொடங்கியது. 2022 டிசம்பரில் ஜம்ப் அலுவலகம் ஹன்டர் எக்ஸ் ஹன்டர் இனி வாரத் தொடராக வராது, ஆசிரியரின் உடல்நிலைக்கு ஏற்ற வேறு முறையில் வரும் என்று அறிவித்தது. வாரத் தொடரையே அடையாளமாகக் கொண்ட இதழுக்கு இது சின்ன முடிவு இல்லை. 2024 அக்டோபரில் பத்து அத்தியாயம் வந்தது, அப்புறம் ஓய்வு. அஷிஹாரா 2018 அக்டோபரில் வார இதழில் திரும்பி, அந்த ஆண்டு டிசம்பரிலேயே மாத இதழான ஜம்ப் ஸ்கொயருக்கு மாறினார். வாசகர்கள் கூடவே போனார்கள்.

நிறுத்தாமலே ஓய்வெடுத்தவர்

இதற்கு எதிர்வாதம் ஒன்று வரும்: நாற்பது வருஷம் ஒரு வாரம்கூட விடாமல் வரைந்தவர் இருக்கிறாரே என்று. உண்மைதான். ஒசாமு அகிமோத்தோ ‘கோச்சிகாமே’ தொடரை 1976 முதல் 2016 வரை ஜம்ப்பில் ஒரு இதழும் தவறாமல் கொடுத்தார். தொடர் முடிந்தபோது மொத்தம் 200 தொகுதி.

அவர் எப்படிச் செய்தார் என்று பார்த்தால் எதிர்வாதம் நிற்காது. தன் ஸ்டுடியோவை நிறுவனமாகப் பதிவு செய்து, உதவியாளர்களுக்கு நேரக் குறிப்பு அட்டை வைத்தார். காலையில் வருவார்கள், மாலையில் போவார்கள், வார விடுமுறை உண்டு. அத்தியாயங்களை முன்கூட்டியே முடித்துக் கையிருப்பில் வைத்திருப்பார், அதனால் விடுமுறைக்குப் போனாலும் இதழுக்குப் பக்கம் தயாராக இருக்கும். ஒவ்வொரு அத்தியாயமும் பெரும்பாலும் தனித்தனிக் கதை என்பதும் இதற்கு உதவியது. வாசகர் கண்ணுக்கு அவர் ஓய்வே எடுக்காதவர். உள்ளே போய்ப் பார்த்தால் அந்த இதழிலேயே ஒழுங்காக ஓய்வெடுத்த ஆசிரியர்களில் ஒருவர். ஓடாவின் முறையில், அசைகிற எல்லாவற்றையும் தானே வரைந்துகொண்டு, ஒரே பெருங்கதையை நகர்த்திக்கொண்டு, இப்படிக் கையிருப்பு சேர்ப்பது நடக்கிற காரியமில்லை. இருவரையும் ஒப்பிட்டு ஒருவரைக் குறை சொல்வது நியாயமும் இல்லை.

தகாவோ சைத்தோவின் ‘கோல்கோ 13’ இன்னொரு வழி. வேலையை முதலிலிருந்தே ஒரு குழுவிடம் பகிர்ந்து வைத்திருந்தார். 2021இல் அவர் இறந்த பிறகும் அந்தக் குழு தொடர்கிறது. ‘பெர்செர்க்’கை மியூராவின் சீடர்கள், அவர் கதையின் முடிவைச் சொல்லி வைத்திருந்த நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில் 2022 ஜூனில் மீண்டும் தொடங்கினார்கள். தமிழ் வாசகர்களுக்கு இந்த நிலை புதிதல்ல. கல்கி 1954 டிசம்பரில் இறந்தபோது ‘அமரதாரா’ பாதியில் நின்றது, அவர் மகள் ஆனந்திதான் குறிப்புகளைக் கொண்டு முடித்தார். வாரப் பத்திரிகைத் தொடர் என்ற வண்டியை இழுத்தவர்கள் நம்மிடமும் இருந்தார்கள்.

நன்றிக்குள்ளும் ஒரு நெருக்கடி

நன்றி எல்லாமே ஓய்வைத் தருவதில்லை. ‘ஓய்வெடுங்கள், ஆனால் சீக்கிரம் வாருங்கள்’ என்பது அன்பாகச் சொன்ன கெடுதான். ‘இறப்பதற்குள் முடித்துவிடுங்கள்’ என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சொல்பவர் ஆசையால் சொல்கிறார், கேட்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று யோசிப்பதில்லை. முதுகு வலியில் படுத்திருக்கும் மனிதரிடம் அடுத்த அத்தியாயம் எப்போது என்று ஒரு லட்சம் பேர் கேட்டால், ஒவ்வொருவரும் பணிவாகக் கேட்டாலும், அது பளுதான்.

நன்றி நிஜமாகவே உதவ வேண்டுமானால் ஆசிரியரின் இரண்டு தடைகளைத் தொட வேண்டும், அதாவது மறக்கப்படும் பயத்தையும் பணத்தையும். அதற்கு வழிகள் இருக்கின்றன:

1. ஓய்வு நாட்களில் பழைய தொகுதிகளை வாங்குவது. இதழ்க் கூலி நின்றிருக்கும் மாதத்தில் வரும் உரிமத்தொகை உதவியாளர் சம்பளத்துக்குக்கூடப் போகலாம்.

2. திருட்டுப் பிரதியை விட்டு உரிமம் பெற்ற செயலியில் படிப்பது. மங்கா பிளஸ் 2019 முதல் இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் தொடர்களின் முதல் சில அத்தியாயங்களும் கடைசிச் சில அத்தியாயங்களும் அதில் இலவசம். நம் ஊரிலிருந்து படிக்கும் ஒவ்வொருவரும் அங்கே கணக்கில் வருகிறார்கள். திருட்டுத் தளத்தில் படித்துவிட்டு நன்றி எழுதினால் ஆசிரியருக்கு அந்த நன்றி மட்டும்தான் போய்ச் சேரும்.

3. இடைவெளியில் வரும் புதியவரின் கதையைப் படித்துப் பார்ப்பது. ஓய்வு வாரத்தில் இதழ் படிக்கப்படாமல் போனால், அடுத்த முறை ஓய்வு கேட்பவருக்கு அலுவலகத்தில் வாதம் பலவீனமாகும்.

4. தேதி கேட்காமல் எழுதுவது. எந்த அத்தியாயம் பிடித்தது, எந்தக் காட்சியில் அழுதேன் என்று எழுதலாம். அது ஓய்விலும் படிக்கக்கூடியது, பதில் எதிர்பார்க்காதது.

அடுத்த அத்தியாயம் எப்போது என்று தெரிந்துகொள்ள ஆசிரியரைக் கேட்க வேண்டியதில்லை. மங்கா பிளஸ்ஸில் ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் அடுத்தது வரும் தேதி இருக்கும். அந்தத் தேதி ஏழு நாளுக்குப் பதில் பதினான்கு நாள் தள்ளி இருந்தால், நடுவில் ஒரு ஞாயிறு ஓய்வு. ஜப்பானிய இதழின் உள்ளடக்கப் பக்கத்தில் ஒவ்வொரு ஆசிரியரும் வாரம் ஒரு வரி எழுதுவார்கள். வானிலை, சாப்பிட்டது, மருத்துவரைப் பார்த்தது என்று எதுவும் இருக்கலாம். உடல்நிலை எப்படி என்று அறிய விரும்பும் பழைய வாசகர்கள் முதலில் திருப்புவது அந்தப் பக்கத்தைத்தான். கடிதம் அனுப்ப நினைப்பவர்களுக்கு, ஜப்பானில் அச்சாகும் தொகுதிகளில் முகவரி இருக்கிறது. டோக்கியோவிலுள்ள ஜம்ப் அலுவலகத்துக்கு, உறையின் மேல் ஆசிரியரின் பெயரை எழுதி அனுப்பினால் அங்கிருந்து அவரிடம் சேர்ப்பார்கள்.